மேக் மினி சர்வரில் மைசீக்வல்: 'கு. மீனாட்சிசுந்தர' யார்?

அச்சுக்கூடம் | 3 ஜூன் 2024, இரவு 9:42

எல்லோருக்கும் வணக்கம். மதுரைப் பக்கம் சின்ன அச்சகம், கூடவே ஒரு மாத இதழும் நடத்துகிறோம். சந்தாதாரர் பட்டியல், விளம்பரப் பாக்கி, தபால் லேபிள் மூன்றும் ஒரே பெட்டியில் ஓடுகின்றன. பெட்டி 2010 மேக் மினி சர்வர். சிடி டிரைவுக்குப் பதிலாக இரண்டாவது ஹார்ட் டிஸ்க் வைத்து, ஸ்னோ லெப்பர்ட் சர்வரோடு விற்றார்களே, அதுதான். அதிலேயே இருந்த மைசீக்வல் 5.0 டேட்டாபேஸ், முன்னால் ஒரு பிஎச்பி நிரல். அமைத்துக் கொடுத்த தம்பி இப்போது சிங்கப்பூரில். போன் போட்டால் எடுக்கிறான், ஆனால் ரூட் கடவுச்சொல்லைத் தவிர எதுவும் ஞாபகம் இல்லை என்கிறான்.

இரண்டு தொல்லை. கரண்ட் போய் வந்தால் சில சமயம் சந்தா டேபிள் 'கிராஷ்டு' என்று நிற்கிறது. ரிப்பேர் டேபிள் கொடுத்தால் எழுந்துவிடும். போன வாரமும் எழுந்தது, ஆனால் ஏழு வரிசை குறைந்தது. அதனால்தான் இங்கே வந்தேன்.

இன்னொன்று சின்ன விஷயம். சில பெயர்களின் வால் அறுந்திருக்கிறது. 'கு. மீனாட்சிசுந்தர' என்று ஒருவர் இருக்கிறார், கடைசி ம் இல்லை. தட்டச்சு செய்யும் அக்காவைக் கேட்டால் "நான் முழுசாத்தான் அடிச்சேன்" என்று சண்டைக்கு வருகிறார்.

முதலாளிக்கு மேக் தவிர வேறெதுவும் ஆகாது. புது மேக் மினி வாங்கி மாற்றலாமா? மாற்றினால் எந்த டேட்டாபேஸ்?

டால்ஃபின்தாசன் | 3 ஜூன் 2024, இரவு 10:15

ஏழு வரிசை போனதற்குக் காரணம் மைஐசாம், அதாவது டேபிளை வட்டில் எழுதிப் படிக்கும் பழைய எஞ்சின். மைசீக்வல் 5.0ல் எஞ்சின் எது என்று சொல்லாமல் டேபிள் உருவாக்கினால் அதுதான் வரும். பரிவர்த்தனை கிடையாது, பதிவேடு கிடையாது. பாதி எழுதும்போது கரண்ட் போனால் பாதிதான் மிஞ்சும். பரிவர்த்தனையும் பதிவேடும் உள்ள இன்னோடிபி இயல்பு எஞ்சின் ஆனது 5.5 முதல். ரிப்பேர் என்பது கிழிந்த நோட்டில் படிக்க முடிந்த பக்கங்களை மட்டும் புது நோட்டில் எழுதுவது மாதிரி.

5.0க்கு ஆதரவு 2012லேயே முடிந்துவிட்டது. மைசீக்வல் 8.4 வந்து ஒரு மாதம் ஆகிறது, நீண்டகால ஆதரவுப் பதிப்பு. புது மினியில் அதைப் போடுங்கள், பிஎச்பி நிரலில் வேலை குறைவு.

பழைய நிர்வாகி | 3 ஜூன் 2024, இரவு 11:03

வாங்குவதற்கு முன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள் தம்பி. நீங்கள் வைத்திருக்கும் பொருளுக்கு இப்போது வாரிசு இல்லை.

ஸ்னோ லெப்பர்ட் சர்வர் 499 டாலருக்குத் தனியாக விற்ற இயங்குதளம். சர்வர் அட்மின் என்று ஒரு பலகை. அதில் மைசீக்வலுக்கு ஒரு பக்கம். ரூட் கடவுச்சொல், தரவு எங்கே இருக்க வேண்டும், பிணையத்திலிருந்து வரலாமா, அவ்வளவுதான் கேட்கும். 2011ல் லயன் வந்தபோது சர்வர் என்பது சாதாரண மேக்கின் மேல் போடும் 50 டாலர் ஆப் ஆகிவிட்டது, அடுத்த வருஷம் 20 டாலர். மைசீக்வலை எடுத்துவிட்டு போஸ்ட்கிரஸ் என்ற வேறு டேட்டாபேஸை வைத்தார்கள். 2010ல்தான் ஆரக்கிள், சன்னை வாங்கியதில் மைசீக்வலும் ஆரக்கிள் கைக்குப் போயிருந்தது. இரண்டுக்கும் முடிச்சுப் போடாதவர் அந்தக் காலத்தில் கிடையாது. எக்ஸ்சர்வ் என்ற ரேக் பெட்டியையும் 2011 ஜனவரியோடு நிறுத்தினார்கள். 2018ல் ஆப்பிலிருந்து பாதி சேவைகள் போயின. 2022 ஏப்ரல் 21ல் ஆப்பே போய்விட்டது.

அந்த ஆப் காலத்தில் பலர் ஒரு தவறு செய்தார்கள், நானும் செய்தேன். உள்ளே ஓடிய போஸ்ட்கிரஸ் ஆப்பிள் தன் விக்கி, புரொஃபைல் மேனேஜர் சேவைகளுக்காக வைத்தது. "இருக்கிற கிணறுதானே" என்று நம் டேட்டாபேஸையும் அதில் இறக்கினோம். மவுண்டன் லயனில் அவர்களுடையதைத் தனி இடத்தில், தனி சாக்கெட்டில் (நிரல் வந்து இணையும் வாசல்) பிரித்து வைத்தார்கள். மேம்படுத்திய மறுநாள் காலை நிரல் ஒரு இடத்தில் தேடுகிறது, தரவு வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. இயங்குதளத்தோடு வரும் டேட்டாபேஸ் இயங்குதளத்துக்குச் சொந்தம். உங்களுடையதை நீங்களே தனியாக நிறுவுங்கள்.

இப்போது வாங்கும் மேக் மினி முழுக்க மேசைக் கணினி. அதைச் சர்வராக்குவது என்றால், தூங்குவது, யாராவது லாகின் செய்யும்வரை காத்திருப்பது, நடுராத்திரியில் தானே அப்டேட் ஆவது என்று அதன் மேசைப் பழக்கங்களை ஒவ்வொன்றாக நிறுத்துவதுதான். முதலாளியிடம் டெபியன் லினக்ஸ் போட்ட சாதாரணப் பெட்டி என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

அச்சுக்கூடம் | 4 ஜூன் 2024, காலை 8:20

கேட்டேன் ஐயா. "டிசைன் மிஷின் எல்லாம் மேக், இது மட்டும் வேறயா" என்று முடித்துவிட்டார். எம்2 மினி, 16 ஜிபி. அடுத்த வாரம் வருகிறது. இதற்கு மட்டும்தான், வேறு யாரும் அதில் உட்காரமாட்டார்கள் என்று வாக்கு வாங்கியிருக்கிறேன்.

யானைப்பாகன் | 4 ஜூன் 2024, காலை 9:05

வால் அறுந்த பெயரைச் சின்ன விஷயம் என்று சொல்லிவிட்டீர்கள். இரண்டில் பெரிய விஷயம் அதுதான் என்று எனக்குச் சந்தேகம். மூன்று கேள்வி.

பெயர் நெடுவரிசை வார்சார் 50ஆ, அதாவது அதிகபட்சம் 50 எழுத்தா? அதன் எழுத்துத்தொகுப்பு (பைட்டுகளை எந்த எழுத்தாகப் படிப்பது என்ற அட்டவணை) லத்தீன்1ஆ? டேட்டாபேஸை ஏதாவது வரைகலைக் கருவியில் திறந்தால் தமிழுக்குப் பதில் தலையில் சாய்கோடு போட்ட ஏ, வட்டத்துக்குள் ஆர் என்று குப்பையாகத் தெரிகிறதா, பிஎச்பி பக்கத்தில் மட்டும் சரியாகத் தெரிகிறதா?

அச்சுக்கூடம் | 4 ஜூன் 2024, காலை 9:31

மூன்றுக்கும் ஆமாம்!! எப்படி?

யானைப்பாகன் | 4 ஜூன் 2024, காலை 10:48

மைசீக்வல் சுவீடனில் பிறந்தது. 8.0 வரும்வரை எதுவும் சொல்லாவிட்டால் லத்தீன்1, வரிசைப்படுத்துவது சுவீடிஷ் முறையில். பிஎச்பி பக்கம் யூடிஎஃப்-8ல், அதாவது யூனிகோடை பைட்டாக்கும் முறையில், தமிழை அனுப்புகிறது. டேட்டாபேஸ் அதை லத்தீன் எழுத்துகள் என்று நினைத்து பைட் பைட்டாக வாங்கி வைக்கிறது. திரும்பக் கேட்டால் அதே பைட்டுகளைக் கொடுக்கிறது, உலாவியில் தமிழ் சரியாகத் தெரிகிறது. இரண்டு பொய் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு உண்மையாகிவிடுகிறது. 14 வருஷம் இப்படி ஓடும், ஓடியிருக்கிறது.

ஆனால் வார்சார் 50 என்றால் டேட்டாபேஸ் கணக்கில் 50 லத்தீன் எழுத்து, அதாவது 50 பைட். யூடிஎஃப்-8ல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறிகள். உங்கள் ஆளை எண்ணிப் பார்ப்போம். 'கு' இரண்டு குறி, 6 பைட். முற்றுப்புள்ளி 1, இடைவெளி 1. ஆக 8. மிச்சம் 42 பைட், அதில் 14 குறி அடங்கும். மீ, னா, ட், சி, சு, ந் ஆறும் இரண்டிரண்டாகப் பன்னிரண்டு. த, ர சேர்த்துப் பதினான்கு. நிரம்பியது. ம் வெளியே நிற்கிறது. 5.0 இயல்பாகக் கண்டிப்பு முறையில், அதாவது பொருந்தாத மதிப்பை மறுக்கும் முறையில், ஓடாது. "நீளம் அதிகம்" என்று ஒரு எச்சரிக்கையை உள்ளுக்குள் முணுமுணுத்துவிட்டு வெட்டி வைத்துவிடும். அக்காவிடம் மன்னிப்புக் கேளுங்கள்.

இதில் கெட்ட அதிர்ஷ்டம் ஒன்று. தலைப்பெழுத்து ஒன்று, ஒரு புள்ளி, ஓர் இடைவெளி என்று எழுதினால் மிச்சம் 48 பைட். மூன்றால் சரியாக வகுபடும். அதனால் வெட்டு எப்போதும் ஒரு முழுக் குறிக்குப் பிறகே விழும். பார்வைக்குப் பெயர் மாதிரியே இருக்கும். தலைப்பெழுத்து இரண்டு இருந்தாலும், ஒன்றுமே இல்லாவிட்டாலும் குறியின் நடுவில் விழும். கேள்விக்குறி போட்ட கறுப்பு வைரம் தெரியும். அவற்றை மட்டும் யாராவது பார்த்துத் திருத்தியிருப்பார்கள்.

லெங்த் செயற்கூற்றில் பெயரின் நீளம் சரியாக 50 வரும் வரிசைகளை எல்லாம் எடுங்கள். ஒன்றிரண்டு நிஜமாகவே 50 ஆக இருக்கலாம். மற்றதெல்லாம் அறுந்தவை.

அச்சுக்கூடம் | 4 ஜூன் 2024, மதியம் 1:15

141 பேர். முகவரி நெடுவரிசையிலும் அதே கதை, அது வார்சார் 100. தலை சுற்றுகிறது. அக்காவுக்கு ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தாயிற்று.

டால்ஃபின்தாசன் | 4 ஜூன் 2024, மதியம் 2:40

பாகன் சொன்னது சரி. எடுக்கும் முறை பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் எல்லோரும் இரண்டாவது முறை கெடுத்துக்கொள்வார்கள்.

டேட்டாபேஸை ஒரு கோப்பாக எடுக்கும் மைசீக்வல்டம்ப் கட்டளையைச் சும்மா ஓட்டினால் அது வெளியீட்டை யூடிஎஃப்-8க்கு மாற்றித் தரும். ஏற்கெனவே யூடிஎஃப்-8ஆக இருக்கும் பைட்டுகளை லத்தீன் என்று நினைத்து மறுபடி மாற்றும். இரட்டைக் குறியாக்கம். அதனால் இயல்பு எழுத்துத்தொகுப்பு லத்தீன்1 என்றும், தொகுப்பு அறிவிப்பைத் தவிர் என்றும் இரண்டு விருப்பங்களையும் சேர்த்துக் கொடுங்கள். பைட் அப்படியே வரும். பிறகு டம்ப் கோப்பில் டேபிள் உருவாக்கும் வரிகளில் உள்ள லத்தீன்1ஐ யூடிஎஃப்8எம்பி4 (மைசீக்வலின் முழு யூடிஎஃப்-8) என்று மாற்றி, புதிய சர்வரில் அதே தொகுப்பு அறிவிப்போடு ஏற்றுங்கள்.

மாற்ற செட் என்ற உரை திருத்தும் கட்டளையைப் பயன்படுத்தினால் மேக்கின் செட், லினக்ஸின் செட் மாதிரி இருக்காது. கோப்பிலேயே மாற்றும் விருப்பத்துக்குப் பின் வெற்று மேற்கோளாவது கொடுக்க வேண்டும். அதோடு "தவறான பைட் தொடர்" என்று நின்றுவிடும். அந்த அறுந்த அரைக்குறிகள்தான் காரணம். எல்சி ஆல் மாறியை சி என்று வைத்து ஓட்டினால் போகும்.

பைத்தானில் விண்டோஸ்-1252 என்று சொல்லித் திருத்தப் போகாதீர்கள். புள்ளியின் கடைசி பைட் 8டி, உகரக் குறியின் கடைசி பைட் 81. அந்த இரண்டு இடமும் 1252 அட்டவணையில் காலி. 'கு'விலேயே செத்துவிடும். மைசீக்வலின் லத்தீன்1 அந்தக் காலியிடங்களையும் அப்படியே கடத்தும், அதனால்தான் உங்கள் தரவு இத்தனை நாள் பிழைத்தது.

இன்னொன்று, இப்போது வலிக்காது, பின்னால் வலிக்கும். மேக்கில் மைசீக்வல், டேபிள் பெயரில் பெரிய எழுத்துச் சின்ன எழுத்துப் பார்க்காது, ஏனென்றால் கீழே உள்ள கோப்பு முறையே பார்ப்பதில்லை. பிஎச்பியில் ஒரு இடத்தில் பெரிய எழுத்தில் தொடங்கியும் இன்னொரு இடத்தில் சின்ன எழுத்திலும் எழுதியிருந்தாலும் ஓடும். என்றைக்காவது லினக்ஸுக்குப் போனால் அன்றைக்கு "அப்படி ஒரு டேபிளே இல்லை" என்று வரும். 8.0 முதல் அந்த அமைப்பை நிறுவும்போது மட்டும்தான் தீர்மானிக்க முடியும். இப்போதே நிரலில் ஒரே மாதிரி ஆக்கிவிடுங்கள்.

யாழ் கணினி | 4 ஜூன் 2024, மாலை 6:22

தம்பி, ஒரு விசயம் கேக்கிறன். 2010க்கு முந்தின சந்தாக்காரர் விபரம் எங்கையிருந்து வந்தது? பழைய எக்செல் கோப்பிலையிருந்து ஏத்தியிருந்தால் அதுக்குள்ள யூனிகோட் இல்லாத எழுத்துரு இருக்கக்கூடும். எங்கட நூலகம் ஒண்டில நான் இதே வேலை செய்யேக்க பாதிப் பட்டியல் பாமினியில கிடந்தது. பாமினி வெறும் ஆங்கில எழுத்துத்தான், மேல தமிழ் வேசம் போட்டிருக்கும். டேட்டாபேசுக்கு அது சுத்தமான தரவு, ஒரு பிழையும் காட்டாது. ஏத்தினாப் பிறகு தமிழ் எழுத்து ஒண்டுகூட இல்லாத பெயர்களைத் தனிய எடுத்துப் பாருங்கோ.

அச்சுக்கூடம் | 4 ஜூன் 2024, இரவு 8:50

அண்ணா, பார்த்தேன். பாமினி இல்லை, ஆனால் இன்னொரு அச்சக எழுத்துருவில் 60க்கு மேல் இருக்கிறது. இத்தனை நாள் அவர்களுக்கு லேபிள் அச்சடிக்கும்போது அக்கா எழுத்துருவை மாற்றி மாற்றி அடித்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. கேட்டால் "அது அப்படித்தான்னு நெனச்சேன்" என்கிறார்.

யானைப்பாகன் | 5 ஜூன் 2024, காலை 7:30

எப்படியும் எல்லாவற்றையும் தொட்டுத் திருத்தப் போகிறீர்கள். அப்படியென்றால் போஸ்ட்கிரஸுக்கே வாருங்கள். யானைதான் போஸ்ட்கிரஸின் சின்னம், என் பெயரைப் பார்த்து எப்படியும் இதைத்தான் சொல்வேன் என்று நினைத்திருப்பீர்கள், ஆனால் காரணம் உண்டு. சந்தாதாரர் பட்டியலை அகரவரிசையில் அச்சிடுகிறீர்களா?

அச்சுக்கூடம் | 5 ஜூன் 2024, காலை 7:55

ஆண்டு மலரில் வாழ்நாள் சந்தாதாரர் பட்டியல் போடுவோம். வரிசை எப்போதும் கோணல்தான். பிழை திருத்துபவர் கையால் மாற்றுவார்.

யானைப்பாகன் | 5 ஜூன் 2024, காலை 9:10

அதுதான். யூனிகோட் எண் வரிசையில் ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற, ல-வுக்கு அடுத்து ள, ழ, பிறகு வ. நம் வரிசை ய, ர, ல, வ, ழ, ள, ற, ன. அதோடு புள்ளியின் எண் எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால் இருப்பதால் க், கௌ-வுக்கும் பின்னால் போய் உட்காரும். 'பக்கிரி' என்ற பெயர் 'பகீரதி'க்குப் பின்னால் வரும். அகராதியில் முன்னால் வர வேண்டும்.

மேக்கின் சொந்த லோகேல்களை (மொழிவாரி அமைப்புகளை) நம்பினால் இதேதான் கிடைக்கும். அங்கே யூடிஎஃப்-8 லோகேல்களின் வரிசை விதி பெரும்பாலும் வெறும் ஆஸ்கி விதியைச் சுட்டும் இணைப்புதான். மைசீக்வல் 8ல் எத்தனையோ மொழிக்குத் தனி வரிசைமுறை உண்டு, தமிழுக்கு இல்லை. போஸ்ட்கிரஸ் 10லிருந்து ஐசியு என்ற யூனிகோட் நூலகத்தைப் பயன்படுத்தலாம், அதில் தமிழ் இருக்கிறது. வினவலின் கடைசியில் 'டிஏ-எக்ஸ்-ஐசியு' என்ற கொலேஷனை (வரிசைமுறையை) சேர்த்தால் போதும். 15 முதல் டேட்டாபேஸ் முழுவதற்குமே அதை இயல்பாக வைக்கலாம். பதிப்பு 16 போடுங்கள்.

இடம் மாற்றும்போது ஒரு எச்சரிக்கை: தேதி நெடுவரிசையில் எல்லாம் பூஜ்யமாக ஒரு தேதி இருக்கும், மைசீக்வல் 5.0 அதை ஏற்கும். போஸ்ட்கிரஸ் அந்தத் தேதியைத் தேதி என்றே ஒத்துக்கொள்ளாது. முதலிலேயே நல் (மதிப்பு இல்லை) ஆக்கிவிடுங்கள்.

டால்ஃபின்தாசன் | 5 ஜூன் 2024, காலை 9:26

அகரவரிசையில் நான் தோற்றுவிட்டேன். ஒப்புக்கொள்கிறேன். பிஎச்பியைத் திருத்தும்போது என்னைத் திட்டாதீர்கள்.

ஸ்ரீரங்கத்துக்காரி | 5 ஜூன் 2024, இரவு 9:40

நான் எங்கள் மருந்துக்கடைக் கணக்கை மேக் மினியில் போஸ்ட்கிரஸ் வைத்து மூன்று வருஷமாக ஓட்டுகிறேன். பட்ட அடிகளைச் சொல்கிறேன், நீங்களாவது பட வேண்டாம்.

மேக்கில் மென்பொருள் நிறுவும் ஹோம்புரூவில் நிறுவி, சேவையைத் தொடங்கும் புரூ சர்வீசஸ் கட்டளை கொடுத்தால் "தொடங்கியது" என்று பச்சையில் காட்டும். அது லாஞ்ச் ஏஜென்ட். நீங்கள் லாகின் செய்தால்தான் ஓடும். கரண்ட் போய் வந்து லாகின் திரையில் நிற்கும்போது டேட்டாபேஸ் இல்லை. சரி என்று சூடோ போட்டால் ரூட்டாக ஓடப் பார்க்கும். போஸ்ட்கிரஸ், ரூட்டாக ஓடமாட்டேன் என்று அடம்பிடிக்கும், நியாயமான அடம்தான். கடைசியில் லாகின் இல்லாமலே ஓடும் லாஞ்ச் டீமனுக்கு நானே ஒரு பிலிஸ்ட் (அமைப்புக் கோப்பு) எழுதினேன். யூசர்நேம் என்ற சாவியில் போஸ்ட்கிரஸுக்கென்று உருவாக்கிய பயனர். கோப்பின் உரிமை ரூட்டுக்கு, அனுமதி 644. இல்லாவிட்டால் மேக்கில் சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் லாஞ்ச்டி சத்தமில்லாமல் ஒதுக்கிவிடும்.

இன்னொரு நாள் வேறு எதற்கோ புரூ அப்கிரேடு கொடுத்தேன். போஸ்ட்கிரஸும் சேர்ந்து அடுத்த பெரிய பதிப்புக்குப் போய்விட்டது. தரவுக் கோப்புகள் பழைய பதிப்பில், நிரல் புதியது, "பொருந்தாது" என்று நின்றது. அன்றைக்குச் சனிக்கிழமை, கடையில் கூட்டம். இப்போது பதிப்பு எண்ணோடு சேர்த்தே நிறுவுகிறேன்.

மேம்படுத்திய பிறகு மேக்கின் தீயரண், 'போஸ்ட்கிரஸ் உள்வரும் இணைப்புகளை ஏற்கலாமா' என்று ஒரு சின்னப் பெட்டி காட்டிக் கேட்கும். நம் மினிக்குத் திரையே இல்லையே! பில் போடும் கணினி மட்டும் இணையவில்லை, மினியில் எல்லாம் சரியாக ஓடுகிறது. இரண்டு மணி நேரம் கழித்துத்தான் டிவியை இழுத்து வந்து மாட்டிப் பார்த்தேன்.

பழைய நிர்வாகி | 5 ஜூன் 2024, இரவு 10:30

அந்த டிவி கதையைச் சட்டம் போட்டு மாட்ட வேண்டும் அம்மா.

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். மேக்கை ரீஸ்டார்ட் செய்யும்போது லாஞ்ச்டி எல்லா நிரல்களுக்கும் சிக்டெர்ம் (நின்றுவிடு என்ற சிக்னல்) அனுப்பும். போஸ்ட்கிரஸுக்கு அதன் அர்த்தம் 'ஸ்மார்ட்' நிறுத்தம்: இணைந்திருக்கும் எல்லோரும் தானாக விலகும்வரை காத்திரு. பிஎச்பி இணைப்பைத் திறந்தே வைத்திருந்தால் காத்துக்கொண்டே இருக்கும். 20 விநாடி பார்த்துவிட்டு லாஞ்ச்டி கொன்றுவிடும். தரவு போகாது, அடுத்த தொடக்கத்தில் வால் என்ற, மாற்றங்களை முன்கூட்டியே எழுதிவைக்கும் பதிவிலிருந்து மீண்டுவிடும், ஆனால் ஒவ்வொரு ரீஸ்டார்ட்டும் ஒரு விபத்தாக நடக்கிறது. லினக்ஸில் லாஞ்ச்டிக்கு இணையான சிஸ்டம்டியின் அலகுக் கோப்பில் நிறுத்தும் சிக்னலைச் சிக்இன்ட் என்று மாற்றலாம். லாஞ்ச்டியில் அந்த வசதி கிடையாது. ஒரு குட்டி ஷெல் நிரல் போர்த்தி, சிக்டெர்ம் வந்தால் போஸ்ட்கிரஸை நிறுத்தும் பிஜி கண்ட்ரோல் கட்டளையை 'ஃபாஸ்ட்' முறையில் ஓடச் சொல்லுங்கள்.

யானைப்பாகன் | 6 ஜூன் 2024, காலை 6:50

கரண்ட் விஷயத்தில் மேக்குக்கே உரிய ஒரு வில்லங்கம் இருக்கிறது. கமிட் ஆகும்போது, அதாவது ஒரு மாற்றத்தை நிரந்தரமாக்கும்போது, டேட்டாபேஸ் எஃப்சிங்க் என்று இயங்குதளத்திடம் கேட்கும்: "வட்டில் எழுதிவிட்டாயா?" மேக்கில் எஃப்சிங்க், தரவை வட்டுக்கு அனுப்பியதோடு "ஆச்சு" என்று சொல்லிவிடும். வட்டு அதைத் தன் கேஷில் வைத்திருக்கலாம். இதை ஆப்பிளின் கையேட்டுப் பக்கமே சொல்கிறது. நிஜமாகவே எழுதவைக்க எஃப் ஃபுல்எஃப்சிங்க் என்று தனியாகக் கேட்க வேண்டும். போஸ்ட்கிரஸில் வால் சிங்க் மெத்தட் என்ற அமைப்பை 'எஃப்சிங்க் ரைட்த்ரூ' என்று வைத்தால் அப்படிக் கேட்கும். இயல்பாக மேக்கில் அது இருக்காது.

டால்ஃபின்தாசன் | 6 ஜூன் 2024, காலை 7:14

வைத்தால் ஆப்பிள் எஸ்எஸ்டியில் கமிட் ஆமை வேகம் ஆகிவிடும். நான் சோதித்திருக்கிறேன்.

யானைப்பாகன் | 6 ஜூன் 2024, காலை 7:20

ஆகட்டுமே. அச்சகத்தில் ஒரு நாளைக்கு எத்தனை சந்தா வருகிறது? விநாடிக்கு இருபது கமிட் ஆனாலும் அக்காவால் அவ்வளவு வேகமாக அடிக்க முடியாது.

அச்சுக்கூடம் | 6 ஜூன் 2024, காலை 8:05

அக்கா இந்த இழையைப் படிக்கிறார் என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

காப்புப்பிரதிக்கு மேக்கோடு வரும் டைம் மெஷின் போதுமா? வெளி வட்டு ஒன்று மாட்டி வைத்திருக்கிறோம்.

பழைய நிர்வாகி | 6 ஜூன் 2024, காலை 9:30

போதாது. ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸை அது கோப்பு கோப்பாக வேறுவேறு நேரத்தில் நகலெடுக்கும். தலை பத்து மணி, வால் பத்தே கால்.

ஸ்ரீரங்கத்துக்காரி | 6 ஜூன் 2024, காலை 10:02

ஐயா, அது மேக்கின் பழைய கோப்பு முறையான எச்எஃப்எஸ் பிளஸ் காலத்து உண்மை. 2017ல் ஏபிஎஃப்எஸ் வந்த பிறகு டைம் மெஷின் முதலில் ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நொடியின் உறைந்த நிலை) எடுத்து, அதிலிருந்துதான் நகலெடுக்கிறது. தரவும் வால் பதிவும் ஒரே வால்யூமில் இருந்தால், அந்த நொடியில் கரண்ட் போன மாதிரி ஒரு நிலை கிடைக்கும். போஸ்ட்கிரஸ் அதிலிருந்து எழும். ஒரு தடவை எழுப்பியும் பார்த்திருக்கிறேன். கோப்புகளின் உரிமையாளரைத் திருத்த வேண்டியிருந்தது.

பழைய நிர்வாகி | 6 ஜூன் 2024, காலை 10:25

சரிதான், என் கணக்கு பழசு. திருத்திக்கொள்கிறேன். ஆனாலும் ராத்திரி போஸ்ட்கிரஸின் பிஜி டம்ப் கட்டளையால் ஒரு டம்ப் எடுத்து, அதை இன்னொரு பெட்டிக்கு அனுப்பச் சொல்வேன். ஒரு டேபிளை மட்டும் மீட்க வேண்டுமென்றால், வேறு பதிப்புக்கோ லினக்ஸுக்கோ போக வேண்டுமென்றால் டம்ப்தான் கைகொடுக்கும். தரவு அடைவை அப்படியே லினக்ஸில் வைத்தால் இயங்குதளத்தின் எழுத்து வரிசை விதி மாறி, இண்டெக்ஸ் எல்லாம் மௌனமாகக் கெட்டுப் போகும். பழைய மினி இருக்கிறதே, அது டம்ப் வாங்கி வைக்கட்டும். அதன் இரண்டு வட்டும் ரெய்டு 1ஆக இருந்தால், அதைக் காப்பு என்று மட்டும் நினைக்காதீர்கள். ஒரு வட்டில் தப்பாக அழித்தால் மறு வட்டிலும் அதே நொடியில் அழியும்.

மாதம் ஒரு தடவை டம்பை வேறொரு டேட்டாபேஸில் ஏற்றிப் பார்க்க வேண்டும். இதை எல்லோரும் சொல்வார்கள், யாரும் செய்வதில்லை, நானும் இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான்.

அச்சுக்கூடம் | 23 ஜூன் 2024, இரவு 9:15

ஏற்றியாயிற்று. நீங்கள் சொன்ன வரிசையிலேயே செய்தேன். முதலில் மைசீக்வல் 8.4ல் ஒரு தற்காலிக டேட்டாபேஸில் ஏற்றினேன். கண்டிப்பு முறையில் அது அரைக்குறியில் முடிந்த பெயர்களை ஒவ்வொன்றாக "தவறான மதிப்பு" என்று துப்பியது. துப்பியதை எல்லாம் பட்டியலாக்கினேன். பைட் நீளம் 50 வந்த மற்றவர்களையும் சேர்த்தேன். சுத்தம் செய்து போஸ்ட்கிரஸ் 16க்கு மாற்றினேன். பெயர் நெடுவரிசைக்கு இப்போது டெக்ஸ்ட் வகை; நீளம் கீளம் எதுவும் இல்லை. 'பக்கிரி' இப்போது 'பகீரதி'க்கு முன்னால் நிற்கிறார்.

சனிக்கிழமை வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கிச் சோதித்தேன். மின்தடைக்குப் பின் தானே எழும் அமைப்பு, தூக்கம் இல்லை, டீமன், எல்லாம் பக்காவாக வைத்திருந்தேன். மினி எழுந்தது. டேட்டாபேஸ் எழவில்லை, வேறு கணினியிலிருந்து உள்ளே நுழைய எஸ்எஸ்எச் கூட இல்லை. டிவி தூக்கி வந்தேன் (நன்றி அம்மா). வட்டைப் பூட்டிவைக்கும் ஃபைல்வால்ட், கடவுச்சொல் கேட்டுக்கொண்டு நிற்கிறது. முதல் நாள் அமைக்கும்போது நானே சரி என்று தட்டியிருக்கிறேன்.

ஸ்ரீரங்கத்துக்காரி | 23 ஜூன் 2024, இரவு 9:40

ஐயோ, அதைச் சொல்ல மறந்தேன்! வட்டைத் திறக்கும்வரை டீமன் எதுவும் தொடங்காது. அணைத்துவிட்டு, பெட்டியைப் பூட்டிய அறையில் வையுங்கள். அணைக்க மனமில்லை என்றால், நீங்களே ரீஸ்டார்ட் செய்யும்போது எஃப்டிஈ செட்டப் கட்டளையில் ஆத்ரீஸ்டார்ட் கொடுத்தால் ஒரு முறை கேட்காமல் போகும். கரண்ட் போய் வந்தால் அது உதவாது.

அச்சுக்கூடம் | 30 ஜூன் 2024, மாலை 5:30

அணைத்துவிட்டேன். மூன்று தடவை பிடுங்கினேன், மூன்று தடவையும் தானே எழுந்தது.

அறுந்த பெயர்களுக்காகப் பழைய சந்தாப் படிவ மூட்டைகளைப் பிரித்தோம். கரையான் தின்றது போக 118 பேர் கிடைத்தார்கள். மற்றவர்களுக்குப் போன். முதல் அழைப்பு மீனாட்சிசுந்தரம் ஐயாவுக்கு. விஷயத்தைச் சொன்னதும், "பதினோரு வருஷமா ம் இல்லாமத்தான் வருது. நான் ஏதோ உங்க இதழோட மொழிநடைன்னு நெனச்சேன்" என்றார்.

ஒன்றே ஒன்று மிச்சம். எங்கள் யுபிஎஸ்ஸில் யுஎஸ்பி கிடையாது. இருந்தால் மேக்கே பேட்டரி அளவைப் படித்து, குறைந்ததும் தானாக அணையும் என்று அமைப்புகளில் பார்த்தேன். யுஎஸ்பியோடு, மேக்கோடு நிஜமாகவே பேசும் யுபிஎஸ் யாராவது வைத்திருக்கிறீர்களா? கடைக்காரர் "எல்லாம் பேசும் சார்" என்கிறார்.

பழைய நிர்வாகி | 30 ஜூன் 2024, மாலை 6:10

கடையிலேயே மேக்புக்கை மாட்டிப் பாருங்கள். மெனு பட்டியில் யுபிஎஸ் பேட்டரி என்று தெரிந்தால் வாங்குங்கள், இல்லாவிட்டால் வைத்துவிட்டு வாருங்கள்.